மூன்று காசில் போட்ட சாலை

பெட்ரோல் விற்ற காசில் 41 ஆயிரம் மைல் நெடுஞ்சாலை போட முனைந்தது அமெரிக்கா. அந்தச் சாலையைக் காப்பாற்ற அது இன்று திண்டாடுவது ஏன்?

2022-ம் ஆண்டு ஜனவரி மாதம் 28-ந் தேதி. அமெரிக்காவில் உள்ள பிட்ஸ்பர்க் நகரம். காலை மணி 7 கூட ஆகவில்லை. எங்கு பார்த்தாலும் பனி.

ஊருக்குள் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதைத் தாண்ட ஓர் இரும்புப் பாலம். அந்தப் பாலத்தின் மேல் ஒரு பஸ் போய்க்கொண்டு இருந்தது. இரண்டு பஸ்களை ஒட்டவைத்தது போன்ற நீளமான பஸ் அது. கூடவே சில கார்களும் போயின.

திடீரென்று பாலம் முறிந்தது. பஸ்ஸையும் கார்களையும் சுமந்தபடியே பள்ளத்தில் விழுந்தது!

தீயணைப்புப் படையினர் ஓடி வந்தார்கள். கயிறு கட்டி இறங்கினார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சங்கிலி போல நின்று, கீழே சிக்கியவர்களை மேலே கொண்டுவந்தார்கள். சிலருக்குக் காயம். நல்ல வேளை, யாரும் சாகவில்லை. பனி காரணமாக அன்று பள்ளிக்கூடங்கள் இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறப்பதாக இருந்தது. அதனால் பாலத்தில் கூட்டம் இல்லை. வேறு நாளாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது.

இதில் ஒரு விந்தை உண்டு. அன்றைய தினம் அந்த ஊருக்கு வருவதாக இருந்தவர் யார் தெரியுமா? ஜனாதிபதி பைடன்! எதைப் பற்றிப் பேச வருகிறார்? பாலங்களையும் சாலைகளையும் சரி செய்யச் சர்க்கார் ஒதுக்கிய பணத்தைப் பற்றி! அவர் நேரே விழுந்த பாலத்தைப் பார்க்கப் போனார்.

பாலம் ஏன் விழுந்தது? மத்திய விசாரணைக் குழு 2024-ல் விடை சொன்னது. பூகம்பம் இல்லை. வெள்ளம் இல்லை. மழைத்தண்ணீர் வடியும் வடிகால்கள் அடைத்துக்கொண்டு இருந்தன. தண்ணீரும் குப்பையும், பனியைக் கரைக்கத் தூவுகிற உப்பும் பாலத்தின் கால்களில் தேங்கின. இரும்புக் கால்களைத் துரு தின்றுவிட்டது. "சரி செய்யுங்கள்" என்று சோதனை செய்தவர்கள் திரும்பத் திரும்ப எழுதி வைத்து இருந்தார்கள். 2011-ம் ஆண்டில் இருந்தே அந்தப் பாலம் "மோசம்" என்ற பட்டியலில் இருந்தது. எழுதியது காகிதத்தில் இருந்தது. துரு பாலத்தில் இருந்தது.

உலகத்திலேயே பெரிய பணக்கார நாடு. வடிகாலைச் சுத்தம் செய்ய அங்கே வழி இல்லையா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமானால், 100 ஆண்டுகளுக்குப் பின்னே போக வேண்டும்.

62 நாள் பயணம்

1919-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி. வாஷிங்டன் நகரில் இருந்து ஒரு ராணுவ அணி புறப்பட்டது. 80-க்கும் மேற்பட்ட வண்டிகள். நாட்டின் கிழக்குக் கோடியில் இருந்து மேற்குக் கோடியில் உள்ள சான்பிரான்சிஸ்கோவுக்குப் போக வேண்டும். சுமார் 3,200 மைல் தூரம்.

போய்ச் சேர எத்தனை நாள் ஆயிற்று? 62 நாள்!

சாலை என்று ஒன்று இருந்தால்தானே! சில இடங்களில் சேறு. சில இடங்களில் மணல். லாரியின் பாரம் தாங்காமல் மரப்பாலங்கள் ஒடிந்தன. சிப்பாய்களே இறங்கிப் பாலத்தைச் சரி செய்துவிட்டு மேலே போனார்கள். சராசரி வேகம் மணிக்கு 6 மைல் கூட இல்லை.

அந்த அணியில் ஓர் இளம் ராணுவ அதிகாரி இருந்தார். அவர் பெயர் ஐசனோவர். பிற்காலத்தில் அவரே அமெரிக்காவின் ஜனாதிபதி ஆனார். இரண்டாவது உலகப்போரில் தளபதியாக ஜெர்மனிக்குப் போனபோது, அங்கே இருந்த அகலமான மோட்டார் சாலைகளைக் கண்டார். நம் நாட்டிலும் இப்படி வேண்டும் என்று எண்ணினார்.

எண்ணினால் போதுமா? பணம்?

கடனா, வரியா?

அமெரிக்காவில் சாலை போடுவது மாநில சர்க்கார்களின் வேலை. மத்திய சர்க்கார் உதவி செய்யும். 1916-ல்தான் இந்த உதவிக்கு முதல் பெரிய சட்டம் வந்தது. 5 ஆண்டுகளுக்கு 7½ கோடி டாலர். மாநிலம் பாதி போட்டால் மத்திய சர்க்கார் பாதி போடும்.

பெட்ரோல் மீது வரி போட்டுச் சாலை போடும் யோசனையை முதலில் கண்டது ஓரிகன் என்ற மாநிலம். 1919-ல் ஒரு காலனுக்கு ஒரு செண்ட் வரி போட்டது. (செண்ட் என்பது அமெரிக்கக் காசு. 100 செண்ட் ஒரு டாலர். அமெரிக்க காலன் என்பது ஏறத்தாழ 3¾ லிட்டர்.) பத்தே ஆண்டுகளில் எல்லா மாநிலங்களும் அந்த வழியில் வந்துவிட்டன. மத்திய சர்க்கார் 1932-ல் தானும் ஒரு செண்ட் வரி போட்டது. ஆனால் அந்தப் பணம் பொதுக் கஜானாவுக்குப் போயிற்று. சாலைக்கென்று தனியாக வைக்கவில்லை.

ஐசனோவர் ஜனாதிபதி ஆனதும், தன் பழைய ராணுவ நண்பர் கிளே என்பவரிடம் யோசனை கேட்டார். "கடன் பத்திரம் வெளியிடலாம். மக்களிடம் கடன் வாங்கிச் சாலை போட்டு, பிறகு அடைக்கலாம்" என்றார் கிளே.

செனட் சபையில் ஹாரி பேர்டு என்று ஒரு தலைவர். கடன் என்றாலே அவருக்கு ஆகாது. வட்டி கட்டியே நாடு அழிந்துபோகும் என்று எதிர்த்தார். 1955-ல் அந்த யோசனை தோற்றது. வரி போடலாம் என்று வந்த யோசனையும் தோற்றது. லாரிக்காரர்களும், டயர் கம்பெனிகளும், பெட்ரோல் கம்பெனிகளும் கூச்சல் போட்டார்கள். எல்லோருக்கும் சாலை வேண்டும். காசு கொடுக்க மட்டும் ஆள் இல்லை!

பூட்டிய உண்டியல்

அடுத்த ஆண்டு ஒரு சமரசம் பிறந்தது. அதுதான் இந்தக் கதையின் உயிர்.

"வரி போடுவோம். ஆனால் அந்தப் பணத்தைத் தனி உண்டியலில் போட்டுப் பூட்டுவோம். சாலைக்குத் தவிர வேறு எதற்கும் எடுக்க மாட்டோம்." இதுதான் வாக்குறுதி. சாலையில் ஓடுகிறவன் காசு போடுகிறான். அந்தக் காசு சாலையாகத் திரும்பி வருகிறது. யாருக்கும் நஷ்டம் இல்லை. இதைக் கேட்டதும் எதிர்த்தவர்கள் அடங்கினார்கள். அந்த உண்டியலுக்கு நெடுஞ்சாலை நிதி என்று பெயர்.

1956-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி ஐசனோவர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். எங்கே? ஆஸ்பத்திரியில்! வயிற்றில் ஆபரேஷன் ஆகி, சிகிச்சையில் இருந்தார். மாலை இல்லை. மேடை இல்லை.

பெட்ரோல் வரி 2 செண்டில் இருந்து 3 செண்ட் ஆயிற்று. டயருக்கும் லாரிக்கும் வரி கூடியது. 41 ஆயிரம் மைல் சாலை போடத் திட்டம். 13 ஆண்டுகளுக்கு மத்திய சர்க்கார் ஒதுக்கிய தொகை 2,500 கோடி டாலர்.

பணம் எப்படிப் போகும்? மாநிலம் சாலையைப் போடும். கணக்கை அனுப்பும். 100 டாலர் செலவு என்றால் 90 டாலரை மத்திய சர்க்கார் திருப்பிக் கொடுக்கும். மாநிலத்தின் கையில் இருந்து போவது 10 டாலர்தான்.

பத்து டாலருக்கு நூறு டாலர் சாலை! எந்த மாநிலம் வேண்டாம் என்று சொல்லும்?

சாலைகள் விரைந்து எழுந்தன. வடக்கு தெற்காகப் போகும் சாலைக்கு ஒற்றைப்படை எண். கிழக்கு மேற்காகப் போகும் சாலைக்கு இரட்டைப்படை எண். குறுக்குத் தெரு இல்லை. சிவப்பு விளக்கு இல்லை. 62 நாள் போன தூரத்தை ஒரு வாரத்துக்குள் காரில் கடக்கலாம் என்று ஆயிற்று. இந்த வலையில் மிக நீளமான சாலைக்கு எண் 90. பாஸ்டன் நகரில் இருந்து சியாட்டில் நகர் வரை 3,000 மைலுக்கு மேல் போகிறது.

13 ஆண்டு என்று போட்ட கணக்கு 35 ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. மொத்தச் செலவு சுமார் 12,900 கோடி டாலர் என்று 1991-ல் கணக்கிட்டார்கள்.

சாலை வந்தது, வீடு போயிற்று

ஊருக்கு வெளியே சாலை போட்டபோது எல்லோரும் மகிழ்ந்தார்கள். சாலை ஊருக்குள் வந்தபோதுதான் அழுகுரல் கேட்டது.

அகலமான சாலைக்கு இடம் வேண்டும். எந்த இடம் மலிவாகக் கிடைக்கும்? ஏழைகள் குடியிருக்கும் இடம். யாருடைய எதிர்ப்புக்கு வலு இல்லை? கறுப்பு இன மக்களுடைய எதிர்ப்புக்கு.

செயின்ட் பால் என்ற நகரில் ரோண்டோ என்று ஒரு பேட்டை. கறுப்பு இன மக்கள் கடை கண்ணி வைத்து, கோவில் கட்டி, குடும்பம் குடும்பமாக வாழ்ந்த இடம். 94-ம் எண் சாலை அதை நடுவில் பிளந்துகொண்டு போயிற்று. மியாமி நகரில் ஓவர்டவுன் என்ற பேட்டைக்கும் அதே கதி. நாடு முழுவதும் 4,75,000 குடும்பங்களுக்கு மேல் வீடு இழந்ததாக மத்திய சர்க்காரின் போக்குவரத்து இலாகாவே கணக்குச் சொல்கிறது. வீடு இழந்தவர்களுக்கு மாற்று இடமும் உதவியும் தந்தாக வேண்டும் என்று நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் வந்தது 1970-ல்தான். அதற்குள் எத்தனையோ வீடுகள் மண்ணாகிவிட்டன.

ரோண்டோ மக்களிடம் நகர மேயர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். எப்போது தெரியுமா? 2015-ம் ஆண்டில்!

ஆனால் எல்லா ஊரும் வாய் மூடி இருக்கவில்லை. சான்பிரான்சிஸ்கோ நகர சபை 1959-லேயே, ஊருக்குள் வரவிருந்த பல சாலைகளை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. பாஸ்டன் நகரில் மக்கள் திரண்டு எழுந்தார்கள். அங்கே கவர்னராக இருந்தவர் சார்ஜெண்ட். முன்பு சாலை போடும் இலாகாவுக்குத் தலைவராக இருந்தவர் அவர். அவரே 1970-ல் புதிய சாலை வேலைகளை நிறுத்தி வைத்தார்.

ஆனால் ஒரு சிக்கல். சாலை வேண்டாம் என்றால் உண்டியல் பணமும் கிடைக்காது. பஸ்ஸுக்கும் ரெயிலுக்கும் அந்தப் பணத்தைத் தொட முடியாது. பூட்டு அப்படி!

1973-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். "ஊருக்குள் சாலை வேண்டாம் என்றால் விட்டுவிடு. அதற்கு ஈடான பணத்தை மத்திய சர்க்கார் தரும். ரெயில் போட்டுக்கொள்" என்றது புதிய சட்டம். பாஸ்டனில் சாலைக்காக வீடுகளை இடித்து வைத்த நிலத்தில், 1987-ல் ரெயில் ஓடியது. பக்கத்திலேயே ஒரு நீண்ட பூங்கா. குழந்தைகள் இன்று அங்கே விளையாடுகிறார்கள்.

பஸ்ஸுக்கு ஒரு காசு

சாலை பெருகியது. கார் பெருகியது. பஸ்ஸும் டிராமும் நொடித்துப் போயின. அவற்றை நடத்தி வந்த தனியார் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. நகர சபைகள் அவற்றை எடுத்து நடத்த வேண்டி வந்தது.

கார் இருப்பவனுக்குக் கவலை இல்லை. கார் இல்லாதவன் என்ன செய்வான்? வயதான பாட்டி ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவாள்? வேலைக்குப் போகும் ஏழைப்பெண் எதில் ஏறுவாள்?

1964-ல் ஜனாதிபதி ஜான்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நகரங்களில் பஸ், ரெயில் வசதிக்காக மத்திய சர்க்கார் பணம் தரும். 3 ஆண்டுகளுக்கு 37½ கோடி டாலர். சாலைக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் யானைப்பசிக்குச் சோளப்பொரி.

பஸ்ஸுக்கு உண்டியலில் நிரந்தரமான பங்கு கிடைத்தது 1982-ம் ஆண்டுச் சட்டத்தில். அப்போது ஜனாதிபதி ரீகன். வரி என்றாலே முகம் சுளிக்கும் கட்சியைச் சேர்ந்தவர். அவரே பெட்ரோல் வரியை 4 செண்டில் இருந்து 9 செண்டாக உயர்த்தச் சம்மதித்தார். இது வரி அல்ல, சாலையை உபயோகிக்கிறவர்கள் தரும் கட்டணம் என்பது அவருடைய வாதம். கூட்டிய 5 செண்டில் ஒரு செண்ட் பஸ்ஸுக்கும் ரெயிலுக்கும் என்று எழுதினார்கள்.

நகரவாசிகள் பஸ்ஸுக்கு ஒரு காசு பெற்றார்கள். கிராமவாசிகள் சாலைக்கு நாலு காசு பெற்றார்கள். இந்த உடன்பாடுதான் 40 ஆண்டுகளாக இரு தரப்பையும் சேர்த்து வைத்து இருக்கிறது.

1991-ல் இன்னொரு சீர்திருத்தம் வந்தது. செனட்டர் மொய்னிகன் முன்நின்று கொண்டுவந்த சட்டம் அது. அதன்படி, சாலைக்கென்று வந்த பணத்தில் ஒரு பகுதியை மாநிலங்களும் நகரங்களும் தங்கள் தேவைக்கு ஏற்பப் பஸ்ஸுக்கோ, ரெயிலுக்கோ, நடைபாதைக்கோ செலவிடலாம். உண்டியலின் பூட்டு கொஞ்சம் தளர்ந்தது.

காசு கொடுப்பவர் கட்டளை

பணம் கொடுக்கிறவர் சும்மா கொடுப்பாரா? நிபந்தனை போடுவார்.

1984-ல் மத்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்க அனுமதிக்கும் மாநிலத்துக்கு, சாலைப் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வோம் என்றது. இளைஞர்கள் குடித்துவிட்டுக் கார் ஓட்டிச் சாவதைத் தடுப்பதே நோக்கம். தெற்கு டகோட்டா மாநிலம் இதை எதிர்த்து வழக்குப் போட்டது. மது விஷயத்தில் சட்டம் செய்வது எங்கள் உரிமை அல்லவா என்று கேட்டது.

1987-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. நிபந்தனை செல்லும் என்று 7 நீதிபதிகள் சொன்னார்கள். 2 பேர் மாறுபட்டார்கள். அடுத்த ஆண்டுக்குள் எல்லா மாநிலங்களும் 21 வயது என்று சட்டத்தை மாற்றிக்கொண்டன. சாலைப் பணம் அவ்வளவு சக்தி வாய்ந்தது!

அந்தச் சக்தியைப் பாலத்தைக் காக்கப் பயன்படுத்தி இருக்கக் கூடாதா?

புதிதுக்கு உண்டு, பழையதுக்கு இல்லை

இங்கேதான் முதல் கோளாறு இருக்கிறது.

1956-ம் ஆண்டுச் சட்டம், புதிதாகச் சாலை போட 100-க்கு 90 கொடுத்தது. போட்ட சாலையைப் பராமரிக்க? ஒரு காசு கூடக் கொடுக்கவில்லை! அது மாநிலத்தின் பொறுப்பு என்று விட்டுவிட்டது.

நீங்களே யோசித்துப் பாருங்கள். கூரையில் ஓட்டை என்று மகன் வந்து நிற்கிறான். "ஓட்டை அடைக்கப் பணம் தர மாட்டேன். புது வீடு கட்டினால் 100 ரூபாய்க்கு 90 ரூபாய் தருகிறேன்" என்கிறார் தகப்பனார். மகன் என்ன செய்வான்? ஓட்டையை விட்டுவிடுவான். புது வீட்டுக்கு வானம் தோண்டுவான்!

அமெரிக்காவில் அதுதான் நடந்தது. 1976-ல்தான், பழைய நெடுஞ்சாலைக்கு மேல்பூச்சுப் போடவும் புதுப்பிக்கவும் மத்தியப் பணத்தை எடுக்கலாம் என்று சட்டம் திருந்தியது. அதற்குள் முதலில் போட்ட சாலைகளுக்கு 20 வயது ஆகிவிட்டது. பஸ் விஷயத்திலும் இதே கதை. பஸ் வாங்கப் பணம் 1964-ல் கிடைத்தது. பஸ் ஓட்டப் பணம் 1974-ல்தான் கிடைத்தது.

பாலங்களைச் சோதிக்கும் சட்டம் கூட ஒரு பெரும் சோகத்துக்குப் பிறகுதான் வந்தது. 1967-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி மாலை. ஒஹியோ ஆற்றின் மேல் இருந்த வெள்ளிப் பாலம், வாகனங்கள் நிறைந்து இருந்த நேரத்தில் ஆற்றில் விழுந்தது. கிறிஸ்துமஸ் பண்டிகைக்குப் பத்தே நாள் இருந்தது. 46 பேர் மாண்டார்கள். பாலத்தைத் தாங்கிய இரும்புச் சட்டம் ஒன்றில் விழுந்த சின்னஞ்சிறு விரிசல்தான் காரணம். அதன் பிறகுதான் நாட்டில் உள்ள பாலங்களை ஒழுங்காகச் சோதிக்க வேண்டும் என்று விதி ஏற்பட்டது.

சோதித்தார்கள். எழுதினார்கள். பிட்ஸ்பர்க் பாலத்தையும் சோதித்தார்கள், எழுதினார்கள். ஆனால் சோதிக்க விதி இருந்த அளவுக்கு, சரி செய்ய வேகம் இல்லை.

உறைந்துபோன உண்டியல்

இரண்டாவது கோளாறு உண்டியலிலேயே இருக்கிறது.

பெட்ரோல் வரி 1990-ல் 14.1 செண்ட் ஆயிற்று. 1993-ல் 18.4 செண்ட் ஆயிற்று. அத்தோடு நின்றது. 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு செண்ட் கூட ஏறவில்லை!

பெட்ரோல் விலை ஏறினாலும் வரி ஏறாது. விலையில் இத்தனை பங்கு என்று வரி போடவில்லை. காலனுக்கு இத்தனை செண்ட் என்றுதான் போட்டு இருக்கிறார்கள். ஆனால் கூலி ஏறுகிறது. சிமெண்டு ஏறுகிறது. இரும்பு ஏறுகிறது. 1993-ல் ஒரு டாலர் கொடுத்து வாங்கிய சாமானை இன்று வாங்க இரண்டு டாலருக்கு மேல் வேண்டும். அப்படியானால் அந்த 18.4 செண்டின் மதிப்புப் பாதிக்கும் கீழே போய்விட்டது என்று அர்த்தம்.

அது மட்டுமா? முன்பு ஒரு காலனில் 15 மைல் ஓடிய கார், இன்று 25 மைல், 30 மைல் ஓடுகிறது. சாலை தேய்வது என்னவோ மைலுக்குத்தான். வரி வருவதோ காலனுக்கு. மின்சாரக் காரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது பெட்ரோல் பங்குப் பக்கமே வருவதில்லை. சாலையில் ஓடுகிறது. இந்த உண்டியலில் பெட்ரோல் வரியாக ஒரு காசும் போடுவதில்லை.

2008-ல் உண்டியல் காலியாகும் நிலை வந்தது. பொதுக் கஜானாவில் இருந்து 800 கோடி டாலரை எடுத்துப் போட்டார்கள். அது முதல் தடவை. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. 2021 வரை இப்படி எடுத்துப் போட உத்தரவான தொகை சுமார் 27,500 கோடி டாலர்!

சாலையில் ஓடுகிறவன்தான் காசு கொடுப்பான் என்ற பழைய வாக்குறுதி என்ன ஆயிற்று? காரே இல்லாதவன் கொடுக்கும் வரிப்பணமும் இப்போது சாலைக்குப் போகிறது.

வரியை உயர்த்தினால் என்ன? உயர்த்தலாம். ஆனால் பெட்ரோல் விலையை ஏற்றியவர் என்ற பெயரோடு தேர்தலுக்குப் போக யாருக்கும் துணிவு இல்லை. அந்தக் கட்சிக்கும் இல்லை. இந்தக் கட்சிக்கும் இல்லை.

என்ன வழி?

2021-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி பைடன் ஒரு பெரிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டு கட்சியிலும் அதற்கு ஓட்டுக் கிடைத்தது. வழக்கமான செலவுக்கு மேலாக, சாலைக்கும் பாலத்துக்கும் 11,000 கோடி டாலர். பஸ், ரெயிலுக்கு 3,900 கோடி டாலர். பாலங்களுக்கென்றே தனியாக 2,750 கோடி டாலர். பழைய சாலைகளால் பிளவுபட்ட பேட்டைகளை மீண்டும் இணைக்க 100 கோடி டாலர். ரோண்டோ போன்ற ஊர்களின் கண்ணீருக்குக் கிடைத்த காலம் கடந்த பதில் அது.

நல்ல சட்டம்தான். ஆனால் அதுவும் பெட்ரோல் வரியில் கை வைக்கவில்லை. உண்டியலில் பொதுக் கஜானாப் பணத்தைத்தான் கொட்டியது. அதற்கு 2026 செப்டம்பர் 30 வரை என்று கெடுவும் வைத்தது.

வேறு வழி ஒன்றை ஓரிகன் மாநிலம் சோதித்துப் பார்க்கிறது. 1919-ல் முதன்முதலாகப் பெட்ரோலுக்கு வரி போட்டதே, அதே ஓரிகன்! 2015-ல் அங்கே மைல் கட்டணம் தொடங்கியது. விருப்பப்பட்டவர்கள் சேரலாம். எத்தனை காலன் போட்டாய் என்று கேட்பதில்லை. எத்தனை மைல் ஓடினாய் என்று கேட்கிறார்கள். பெட்ரோல் காரானாலும் மின்சாரக் காரானாலும் ஓடிய மைலுக்குக் காசு.

நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிலருக்குப் பயம். நான் எங்கே போகிறேன், எப்போது வருகிறேன் என்று சர்க்கார் கணக்கு வைக்குமோ என்று கேட்கிறார்கள். பண்டத்தை விற்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் தினம் நெடுந்தூரம் ஓடும் கிராமத்துக்காரர், எனக்குத்தானே சுமை அதிகம் என்று முறையிடுகிறார். இந்தக் கேள்விகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

எந்த வழியில் போனாலும் ஒன்று நிச்சயம். சாலை இனாமாக வராது. இன்றைக்குக் காசு கொடுக்காவிட்டால், நாளைக்கு வேறு எதையாவது கொடுக்க வேண்டி வரும்.

வடிகால் காப்பவர்

பிட்ஸ்பர்க் பாலம் என்ன ஆயிற்று? ஓர் ஆண்டு முடிவதற்குள், 2022 டிசம்பரில், அதே இடத்தில் புதுப்பாலம் எழுந்துவிட்டது. மத்திய சர்க்கார் பணம் கொடுத்தது. செலவு சுமார் 2½ கோடி டாலர். பஸ் மறுபடியும் அந்த வழியே போகிறது.

அத்தனை கோடி கொடுத்துப் புதிதாகக் கட்ட முடிந்தது. அதற்கு முன்னால், ஒரு கடப்பாரையும் கூடையும் கொடுத்து நாலு ஆட்களை வடிகால் சுத்தம் செய்ய அனுப்ப முடியவில்லை.

புதுப்பாலம் திறந்தால் பெரியவர்கள் வருவார்கள். நாடாவை வெட்டுவார்கள். படம் எடுப்பார்கள். மழைக்கு முன்னால் வடிகாலில் இறங்கிக் குப்பையை அள்ளுகிறவனுக்கு மாலை போட யாரும் வருவதில்லை. ஆனால் காலையில் பஸ் ஏறிப் போகிற மனிதன் மாலையில் பிள்ளைகளிடம் திரும்பி வருவது அவனாலும்தான்.

அவனுக்குக் கூலி கொடுக்க ஓர் உண்டியல் வேண்டும். அது காலியாகாமல் இருக்க வேண்டும்.